எதிர்ப்பக்கத்து ஈயம்

ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்க மறுத்தது.

ஹெலிகாப்டரின் தரையில் குறுக்காக வைத்திருந்த அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயை அவள் திருப்பி வைத்தாள், துடைத்து வைத்தாள், அடியில் தூசி கீசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். குமிழி ஒவ்வொரு தடவையும் இடது பக்கமே ஒதுங்கிக்கொண்டது. வலது பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே இறங்கி, வண்டியின் இரண்டு இரும்புக் கால்களுக்கும் அடியில் வைத்திருந்த எடைத் தட்டுகளைப் பார்த்தாள். வலது தட்டு ஓர் ஒல்லியான ஆளின் எடை அளவுக்குக் கூடுதலாகக் காட்டியது.

“யாருடா உள்ள? இறங்குடா!” என்று கத்தினாள்.

உள்ளே யாருமில்லை என்பது அவளுக்கே தெரியும். எடை போடும் நாளில் எரிபொருளை வடித்து, கருவிப் பெட்டிகளை வெளியே எடுத்து வைத்து, காற்றுப் பட்டால் தட்டு ஆடும் என்று ஹேங்கரின் பெரிய கதவுகளையும் இழுத்து மூடிவிடுவது வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே புழுக்கமும் பழைய எண்ணெய் வாடையும்தான் மிச்சமிருந்தன. ஆனாலும் கத்தினாள். முதலில் கத்திவிட்டு அப்புறம் யோசிப்பது அவள் சுபாவம். அந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாக ஒரு பழைய ராணுவ ஹெலிகாப்டரைப் பறக்கிற நிலையில் வைத்திருந்தாள்.

கூடத்தில் நிறுத்தி, வர்ணம் பூசி, கயிறு கட்டி வேடிக்கை காட்டுவதெல்லாம் செத்த வண்டிக்குச் சிங்காரம் என்பாள். பறக்க வைப்பதுதான் வேலை. தயாரித்த கம்பெனியே இழுத்து மூடப்பட்டுவிட்ட வண்டிக்கு ஒரு ரப்பர் வளையம் கிடைக்க ஊர் ஊராக ஃபோன் செய்ய வேண்டும். கிடைத்ததும் அது இரண்டு மயிரிழை பெரிதாக இருக்கும். அதைத் தேய்த்துப் பொருத்துவதற்குள் இன்னொன்று கிழியும். அதையெல்லாம் அவள்தான் பார்த்தாள். ஹேங்கரில் எல்லோருக்கும் அவள் ‘அக்கா’. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். சொந்தத் தம்பி ஒருவன் அங்கே விமானியாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அந்தத் தம்பிதான் இப்போது மூலையிலிருந்து சிரித்தான். “நீ போட்ட சத்தத்துக்கு, இருக்கறவனும் ஓடியிருப்பான்க்கா.”

“பல்லைக் காட்டாம வந்து பிடி.”

இருவருமாக வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கித் தட்டுகளை இடம் மாற்றினார்கள். கூடுதல் எடை வலதிலேயே நின்றது. தட்டுமேல் சந்தேகப்பட்டு, அதைத் தனியே இழுத்துப் போட்டு, தம்பியை ஏறி நிற்கச் சொன்னாள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து அவனே விசிலடித்தான்.

“பாத்தியா, கூடுதலாக் காட்டினது என் எடையேதான். வண்டி என்னை இப்பவே ஏத்திக்கிச்சு போல.”

“வாயைக் கழுவு.”

தரைத் தகடுகளைக் கழற்றினாள். அடிவயிற்றில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, குருவி கூடு கட்டியிருக்கிறதா, எவனாவது மறதியில் ஸ்பானரை விட்டுவிட்டுப் போயிருக்கிறானா என்று டார்ச் அடித்துத் துழாவினாள். ஒன்றும் இல்லை. வலது பக்கக் கதவருகே மட்டும் ஒரு வாடை வந்தது. ஈரச் சேறு, கருகிய புல், அதற்கும் அடியில் துருப்பிடித்த தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. வெளியே மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது.

கதவு நகர்ந்தது. மேஜர் வந்தார்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆனாலும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதை அவர் விடவில்லை. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். போரில் இந்த வண்டியை ஓட்டியவர் அவர்தான். பழைய இரும்புக்குப் போயிருந்ததைத் தேடிப் பிடித்து, ஆள் சேர்த்து, பழைய வண்டிகளைப் பறக்க வைக்கும் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் வண்டியின் மூக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரே கதையைச் சொல்வார். அவளுக்கு அது மனப்பாடம்.

“நாலு பேர் ஏர்ற வண்டில ஏழு பேரை ஏத்தினேன். ஏழு பேரும் அடிபட்டவங்க. சுத்தி நின்னு சுடறான். புல்லு பத்தி எரியுது. மேல தூக்கும்போது காத்து ஒரு தட்டு தட்டிச்சு பாருங்க, வண்டி கிறுகிறுன்னு ஒரு சுத்து சுத்திருச்சு. விடுவேனா? பிடிச்சேன். கொண்டாந்து சேத்தேன். ஒருத்தனையும் விட்டுட்டு வரல!”

கடைசி வாக்கியத்தில் கூட்டம் கைதட்டும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

விஷயத்தைக் கேட்டதும் மேஜர் அலட்டிக்கொள்ளவில்லை. “பழைய வண்டி. எங்கியாவது ஈரம் குடிச்சிருக்கும். எதிர்ப்பக்கம் ஈயம் போடு.”

“எதனாலன்னு தெரியாம ஈயம் போடறது, வலி எங்கன்னு கேக்காமலே தைலம் தடவற மாதிரி. நான் பண்ண மாட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை போர் நினைவு நாள். ஊரே வருது. நீ ஈரத்தைத் தேடிக்கிட்டிருப்பியா?”

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அதற்கெல்லாம் அவள் மசிகிறவள் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் தம்பி நின்றான். இந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்று பல வருடங்களாகக் காத்திருக்கிறான். மேஜர் தன் இருக்கையை யாருக்கும் கொடுத்ததில்லை; இந்த ஞாயிறுதான் முதல் தடவையாகக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அம்மா போன பிறகு சோறு போடு என்று கேட்கக்கூடத் தெரியாமல் வாசலில் நின்ற அதே முகத்தோடு தம்பி அவளைப் பார்த்தான்.

அவள் ஈயம் போட்டாள்.

இடது பக்கத் தரைக்கடியில், தகடு தகடாக, போல்ட் போட்டு முறுக்கினாள். எடை சரியானால் எல்லாம் சரி என்று நம்புவது இந்தத் தொழில் செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அதை அவள் செய்தாள். குமிழி சமர்த்தாக நடுவில் வந்து நின்றது. தம்பி கைதட்டினான், மேஜர் தலையாட்டினார், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அப்போதுதான் வலது பக்கத்தில், விமானியின் கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறுகிற சின்ன இரும்புப் படி மெல்ல முனகியது. நெடுநேரம் ஒரே பாரத்தைத் தாங்கியவன் கை மாற்றிப் பிடிப்பது மாதிரி.

*

அந்த முனகலை அவள் விட்டுவிடவில்லை. படியின் பற்றவைப்பு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் ஏறுகிறபோது தம்பியின் கால் முறியும்.

மறுநாள் சாயங்காலம், மற்றவர்கள் கிளம்பிய பிறகு, வெடிப்புப் பார்க்கும் மருந்துகளை எடுத்துக்கொண்டு படியருகே உட்கார்ந்தாள். மேலே உயரத்தில் இருந்த கண்ணாடிச் சதுரங்கள் வழியாக வந்த வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகி, சுழல் இறக்கைகளின் நிழல்களைத் தரையில் நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டு விழுந்தது. படியின் வர்ணத்தைச் சுரண்டி வெற்று இரும்பாக்கினாள். சிவப்புச் சாயத்தைத் தெளித்தாள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் சாயம் அதற்குள் இறங்கி ஒளிந்துகொள்ளும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடரை அடித்தால், ஒளிந்திருக்கும் சாயம் பவுடரில் ஊறி மேலே வரும். வெடிப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குச் சிவப்புக் கோடு. பொய் சொல்லத் தெரியாத பரிசோதனை என்று அவள் அதை மெச்சுவாள்.

வெள்ளை அடித்தாள். காத்திருந்தாள்.

பற்றவைப்பில் ஒன்றும் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டபோது, படியின் நடுவில், வெடிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லாத நல்ல இரும்பில், ஒரு புள்ளி சிவந்தது.

பிறகு இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. புள்ளிகள் நீண்டன. கோடுகளாகவில்லை, நீள்வட்டங்களாயின. நான்கு. சற்றுத் தள்ளி இன்னும் நான்கு. அவள் குனிந்து படிக்கு அடியில் பார்த்தாள். அடியில் இரண்டு தடித்த வட்டங்கள், ஒன்றையொன்று பார்த்தபடி.

பூதக்கண்ணாடியை எடுத்தாள். இரும்பில் வெடிப்பில்லை, கீறலில்லை. சிவப்பு மட்டும் ஊறிக்கொண்டே வந்தது. எட்டு விரல்கள், இரண்டு கட்டைவிரல்கள். இறுக்கிப் பிடித்த பிடி. வலது கையின் விரல்களுக்குக் குறுக்கே, நான்கையும் நசுக்கிக்கொண்டு, பிறை மாதிரி ஒரு வளைவு.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வளைவு அவளுக்குத் தெரிந்த வடிவம்தான். எங்கே பார்த்தோம்?

பின்னால் சிமெண்டுத் தரையில் டக், டக் என்று சத்தம் வந்தது. திரும்பினாள். மேஜரின் பூட்ஸ். குதிகால்.

அவர் படியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவர் கைக்குட்டையை எடுத்தார், முட்டி போட்டார், வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்து அழுத்தித் துடைத்தார். தன் வீட்டு மேசையில் கொட்டிய டீயைத் துடைப்பது மாதிரி.

“பவுடர் தெறிச்சிருக்கு,” என்றார்.

“இந்த வண்டி காத்துக்கு அப்படிச் சுத்தாது மேஜர்.”

“என்ன?”

“வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டிருக்கேன், இப்பத்தான் மண்டையில ஏறுது. காத்து தட்டிச்சு, கிறுகிறுன்னு ஒரு சுத்து. காத்துக்கு அது ஆடும், சுத்தாது. வாலை நேராப் பிடிக்கற பெடல்லேர்ந்து கால் எடுத்தாத்தான் சுத்தும். எதுக்குக் கால் எடுத்தீங்க?”

மேஜர் துடைத்த படியையே மறுபடி துடைத்தார்.

“எட்டாவது ஆளு,” என்றார் மேஜர் கடைசியில். குரலில் கோபம்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. “படியப் பிடிச்சுத் தொங்கறான். வண்டி ஏற மாட்டேங்குது. உள்ள ஏழு உசுரு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“அதை நான் கேக்கல. உங்க இடத்துல நான் இருந்ததில்ல. ஒருத்தனையும் விட்டுட்டு வரலன்னு சொல்லிச் சொல்லிக் கைதட்டு வாங்கறீங்களே, அதைக் கேக்கறேன். யாரவன்? பேரு என்ன?”

“பேரு கேக்கற நேரமா அது?”

“அப்புறமாச்சும் கேட்டிருக்கலாமில்ல? இத்தனை வருஷம் இருந்துச்சே! அந்தப் படிக்கு அடுக்கு அடுக்கா வர்ணம் அடிச்சீங்களே, அப்பவாச்சும்?”

அவர் கைக்குட்டையைச் சிவப்பு உள்ளே போகும்படி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை வண்டி பறக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். டக், டக்.

அவள் மறுபடி சாயம் அடித்தாள், மறுபடி வெள்ளை அடித்தாள். இருட்டும்வரை காத்திருந்தாள். படி பால்போல் வெள்ளையாக இருந்தது. ஒன்றும் வரவில்லை.

*

பேட்டரிக் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அது இல்லாமல் இன்ஜின் உறுமாது. ஞாயிறு காலையில் தம்பி அவள் சமையலறைக்குள் செருப்போடு வந்து நின்றான்.

“கேபிள் எங்க?”

“உட்காரு. சொல்றேன்.”

சொன்னாள். எடை, படி, விரல்கள், குதிகால். சொல்லச் சொல்ல, தன் வாயிலிருந்து வருவது தனக்கே கேவலமாகக் கேட்டது. நட்டையும் போல்ட்டையும் தவிர எதையும் நம்பாதவள் அவள். தம்பி முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“பேய்க்கு பயந்து கேபிளக் கழட்டினியா? நீ?”

“ஆமாண்டா. நான்தான்.”

“பேயில்லக்கா. நான் பறக்கறது உனக்குப் பிடிக்கல. சின்ன வயசுல மரத்துல ஏறினா ‘இறங்கு’ம்ப. சைக்கிள் எடுத்தா ‘மெதுவா’ம்ப. என்னைக்காவது ‘போடா’ன்னு சொல்லியிருக்கியா? அம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பா.”

அந்தக் கடைசி வார்த்தை சரியான இடத்தில் போய்க் குத்தியது. அது தெரிந்துதான் அவனும் சொன்னான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“குமிழி நடுவுல நிக்குதுன்னு நீதானே காட்டின? வண்டி மட்டமா இருக்கா இல்லியா? அதை மட்டும் சொல்லு.”

“மட்டமாத்தான் இருக்கு.”

“அப்பக் குடு.”

கொடுத்தாள். கொடுத்த கையைக் கடித்துக்கொள்ளலாம் போல் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஒரு கணக்கு அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இடது பக்கம் ஈயம் இருக்கிறது. வலது பக்கம் அந்த எட்டாவது ஆள் தொங்குகிறான். அவன் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்வரை வண்டி மட்டம். வண்டி மட்டமாக இருக்கும்வரை தம்பிக்கு ஒன்றும் ஆகாது.

*

வானம் மூடிக் கிடந்தது. மழையில்லை, வெயிலும் இல்லை; எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் வெளிச்சம். ஓடுதளத்தின் ஓரத்தில் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூட்டம் நிரம்பியிருந்தது. போர்க்காலத்தில் இருந்தபடியே இருக்கட்டும் என்று மேஜர் சொன்னதால், வண்டியின் கதவுகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

தம்பி புது நீல ஓவரால் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாற்றாமல், வலது பக்கம் போனான். மேஜர் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

“இல்ல. இன்னிக்கு என் சீட்ல நானே உட்காந்துக்கறேன். நீ அந்தப் பக்கம் போ.”

தம்பியின் முகம் விழுந்தது. சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் ஏறினான். அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. இதற்காகவா? இதற்காகவா வாரம் முழுக்கத் தவிதவித்தோம்? போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் இன்ஜின் உயிர்பெற்றுவிட்டது. இறக்கைகள் சுழன்றன, புல் படுத்தது, காதுக்குள் டப்டப்டப் என்ற அடி நிறைந்தது.

கடைசிச் சோதனைக்காகக் குனிந்து வலது பக்கம் போனாள். தலைக்குப் பக்கத்தில் மேஜரின் பூட்ஸ், பளபளவென்று, பெடல்மேல். அதற்குக் கீழே படி. அந்தக் காற்றிலும் சேற்று வாடை கலையாமல் நின்றது.

படியருகே வாயை வைத்து, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “இந்தாளுக்கும் உனக்கும் இருக்கறதை நீங்களே தீத்துக்குங்க. என் தம்பி இன்னொரு பக்கம் இருக்கான். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கைய விட்டுறாத. அப்படியே தொங்கிக்கிட்டிரு. புரியுதா? அப்படியே இரு.”

சொன்ன பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவளுக்கு உறைத்தது. அவன் பெயரை அவளும் கேட்கவில்லை. அவளுக்கும் அவன் ஓர் எடைதான். ஈயத்துக்கு ஈடாக எதிர்ப்பக்கம் தொங்க வேண்டிய ஓர் எடை.

ஏதோ ஒன்று அவள் மணிக்கட்டைப் பற்றியது. குளிர்ச்சியாக, ஈரமாக. நசுங்கிய விரல்கள். ஒரு கணம் வைத்திருந்து, விட்டுவிட்டது.

அவள் தடுமாறிப் பின்வாங்கினாள். மேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வண்டி தரையை விட்டது.

மட்டமாக எழுந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு மட்டமாக எழுந்து அவள் பார்த்ததில்லை. அவள் கையிலிருந்த சின்ன ரேடியோவை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளேயே வைத்திருந்தாள். வண்டி மரங்களுக்கு மேலே உயர்ந்து, சாம்பல் வானத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டது. ஒலிபெருக்கிகளில் மேஜரின் குரல் வந்தது. வண்டியிலிருந்தே கதை சொல்ல ஏற்பாடு செய்திருந்தார் போலிருக்கிறது.

“நாலு பேர் ஏர்ற வண்டில ஏழு பேரை ஏத்தினேன். ஏழு பேரும் அடிபட்டவங்க...”

வட்டம் முடிந்தது. வண்டி கூட்டத்தை நோக்கித் திரும்பியது.

“சுத்தி நின்னு சுடறான். புல்லு பத்தி எரியுது...”

வண்டி இடது பக்கம் சாய்ந்தது.

லேசாகத்தான். மற்ற யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. வலது பக்கம் காலி. ஈயம் இழுக்கிறது. அவன் படியில் இல்லை.

விழுந்துவிட்டானா? இல்லை. விழுந்து முடித்தவன் அவன். இன்னொரு தடவை விழ மாட்டான்.

ஏறிவிட்டான். உள்ளே.

“இறக்கு!” ரேடியோவில் கத்தினாள். “தம்பி! இறக்கச் சொல்லு! உடனே இறக்கு!”

கரகரப்பு. பிறகு தம்பியின் குரல், மிகவும் மெதுவாக. “அக்கா. பின்னாடி யாரை ஏத்தின?”

“யாரையும் ஏத்தல. திரும்பிப் பாக்காத. இறக்கு.”

“சேறா இருக்கான்க்கா. தலையெல்லாம் சேறு. சீட்டக் கேக்கறான்.”

“தம்பி—”

“தள்ளி உட்காருன்னு சொல்றான். இவ்ளோ நாளா வெளியிலயே இருந்தேன்கறான்.”

கரகரப்பு. ஒலிபெருக்கியில் மேஜரின் குரல் பாதியில் நின்றிருந்தது. கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது.

வண்டி நிமிர்ந்தது.

மெல்ல, அழகாக, குமிழி நடுவுக்கு வருவது மாதிரி. மட்டம். துல்லியமான மட்டம். வலது பக்கம் மறுபடி பாரம் வந்துவிட்டது. ஓர் ஒல்லியான ஆளின் பாரம்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டின் முள் போய் நின்ற இடம். விசில் சத்தம்.

“இல்ல,” என்றாள். “இல்ல. இல்ல.”

வண்டி கூட்டத்துக்கு நேர் மேலே வந்து அந்தரத்தில் நின்றது. அவள் கயிற்றைத் தாண்டி, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி, அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். இடது இருக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்மெட் இல்லாத தலை. மண் நிறம். நேராக முன்னால் பார்த்தபடி, சீட்டில் நன்றாகச் சாய்ந்து, நெடுநாள் கழித்து உட்கார்ந்தவன் மாதிரி.

வலது பக்கப் படியில் நீல ஓவரால்.

இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கால்கள் காற்றில் உதைத்தன. ஒரு செருப்பு கழன்று அவள் பக்கத்தில் விழுந்தது. காலையில் அவள் சமையலறைக்குள் வந்த அதே செருப்பு.

“அக்கா,” என்றது ரேடியோ. “கை வழுக்குதுக்கா.”

“பிடிச்சுக்கோ! விட்டுறாத! அப்படியே இரு!”

அதே வார்த்தைகள். அதே வாய்.

“மேஜர்!” என்று வானத்தைப் பார்த்து அலறினாள். “அது என் தம்பி! பாருய்யா! கீழ பாரு! அவன் பேரு—”

இன்ஜின் சத்தம் பெயரைத் தின்றுவிட்டது.

ஒலிபெருக்கிகள் கரகரத்தன. மேஜரின் குரல் வந்தது. கிழட்டுக் குரல் இல்லை, வாலிபக் குரல். மூச்சிரைத்தது.

“இடமில்ல. கைய விடு. இடமில்லங்கறேன்ல! விடுடா கைய!”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரோ, “தத்ரூபமா பண்றாங்கப்பா,” என்றார்கள்.

கதவில்லாத வாசலிலிருந்து ஒரு பூட்ஸ் வெளியே வந்தது. பாலிஷ் போட்ட கருப்பு. அந்த மங்கலான வெளிச்சத்திலும் பளபளத்தது. படிக்கு மேலே ஒரு கணம் நின்றது. குதிகால், பிறை மாதிரி.

பெடலில் கால் இல்லாத வண்டி கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கியது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.